மேயரின் ஒரு கிழமை: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மேயரும் இல்லை, சபை உறுப்பினரும் இல்லை, சபையில் வேலை செய்கிறவனும் இல்லை. பஸ் நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடிதமும் எழுதித் தரச் சொல்வார்கள். அந்தக் கடிதங்களில் பாதி மேயருக்குப் போகிறவை. எழுதி முடிப்பதற்குள் ஆளுக்கு நாலு கேள்வி கேட்டுவிடுவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேயரா, சேர்மனா, தவிசாளரா? எப்படி எழுதுவது?

திருகோணமலை நீண்ட காலம் நகரசபையாக இருந்தது. நகரசபைக்குத் தலைவர் அல்லது தவிசாளர். சனம் சொல்வது சேர்மன். 2025 உள்ளூராட்சித் தேர்தலோடு அது மாநகர சபையாகிவிட்டது. மாநகர சபைக்கு முதல்வர், அதாவது மேயர். கடிதத்தில் 'கௌரவ முதல்வர் அவர்கள், மாநகர சபை, திருகோணமலை' என்று எழுதினால் சரி. நேரே போனால் 'ஐயா' என்றோ 'சேர்' என்றோ கூப்பிடலாம்.

கோட்டைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்து வரும் ஒரு அம்மாவுக்கு இதெல்லாம் ஏறாது. "சேர்மன் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுது மகன்" என்றுதான் இன்னும் தொடங்குவார். நான் முதல்வர் என்று எழுதிவிட்டு சேர்மன் என்று வாசித்துக் காட்டுவேன்.

கடிதம் கொடுத்தால் நேரே மேயரின் கைக்குப் போகுமா?

போகும், ஆனால் நேரே போகாது. அந்த அம்மாவின் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு முன்னால் ஓடும் கானின் (வடிகாலின்) கொங்கிறீற் சிலாப், மணல் ஏற்றி வந்த லொறி ஒன்று பின்பக்கமாக ஏறியதில் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த வழியால்தான் நடப்பார்கள். ஒரு பழைய கதவையும் தென்னோலையையும் வைத்து மூடியிருந்தார்.

திங்கட்கிழமை காலை கடிதம் தபால் பகுதியில் கொடுக்கப்பட்டது. அங்கே திகதி முத்திரை அடித்து, பதிவுப் புத்தகத்தில் இலக்கம் போட்டு எடுப்பார்கள். இந்த இலக்கம்தான் முக்கியம். நான் எப்போதும் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி வரச் சொல்வேன். நாளைக்கு யாரும் "அப்படி ஒரு கடிதம் வரவே இல்லையே" என்று சொல்ல முடியாது. பிறகு அது மற்றக் கடிதங்களோடு சேர்ந்து முதல்வரின் மேசைக்குப் போகும். அவர் வாசித்து ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்: பார்வையிட்டு அறிக்கை தரவும், அல்லது நடவடிக்கைக்கு, அல்லது உரிய திணைக்களத்துக்கு அனுப்பவும். கீழே சின்னக் கையெழுத்தும் திகதியும்.

மேயரின் வேலை என்ன என்று கேட்டால் நான் அந்த ஓரத்து வரியைத்தான் சொல்வேன். ஒரு கிழமையில் அவர் எழுதும் வரிகளை வெட்டி ஒட்டினால் ஊரின் கதை முழுக்க வந்துவிடும்.

திங்கட்கிழமை போனால் ஆளைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், வரிசையில் நிற்க மனம் இருந்தால். சனி ஞாயிறு சேர்ந்த முறைப்பாடு எல்லாம் திங்கள் காலையில் வந்து கொட்டும். பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று அலுவலகப் பலகையில் போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் கூட்டம், ஆளுநர் செயலகத்தில் கூட்டம் என்று இங்கே ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மாகாணத் தலைநகரில் மேயராக இருப்பதன் பலனும் அதுதான், பாடும் அதுதான். மற்ற ஊர் மேயர் கடிதம் அனுப்பிக் கேட்பதை இவர் ஐந்து நிமிடம் நடந்துபோய்க் கேட்கலாம். ஆனால் அவர்களும் இவரை ஐந்து நிமிடத்தில் கூப்பிடலாம்.

திங்கள் காலையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் டச்சு பே கடற்கரையில் ஊரே கூடும். இஸ்ஸோ வடை, கடலை, ஐஸ்கிறீம். விடியும்போது கடதாசியும் போத்தலும் லஞ்ச் சீற்றும் மணலில் பரந்து கிடக்கும். நான் கடை திறக்க வரும் நேரத்துக்கு முன்பே சுகாதாரத் தொழிலாளர்கள் கூட்டி அள்ளிவிடுவார்கள். அன்றைக்கு உழவு இயந்திரம் ஒன்று பழுதாகி நின்றாலும் மேயரின் போன் ஏழு மணிக்கே அடிக்கத் தொடங்கும்.

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருவதில்லை. மேயருக்கு எழுதலாமா?

எழுதலாம். அவர் ஓரத்தில் 'நீர் வழங்கல் சபைக்கு' என்று எழுதி அனுப்புவார். அதை நீங்களே முதலில் அங்கே கொடுத்திருந்தால் ஒரு கிழமை மிச்சம்.

இந்த ஊரில் எது யாருடையது என்பதுதான் பெரிய குழப்பம். நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. மின்கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்குகிறவர்களுடையவை. ஆனால் அதே கம்பத்தில் எரியும் தெரு விளக்கைப் பார்ப்பது மாநகர சபை. பல்பு எரியாவிட்டால் மேயருக்கு, கம்பம் சாய்ந்தால் மின்சாரம் வழங்குகிறவர்களுக்கு.

வீதி இன்னும் சிக்கல். கொழும்புப் பக்கம் போகும் ஏ 6, அநுராதபுரம் போகும் ஏ 12, மட்டக்களப்புக்குப் போகும் ஏ 15 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சில வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை. மீதி ஒழுங்கைகளும் உள்வீதிகளும் சபையுடையவை. பார்த்தால் எல்லாம் ஒரே தார்தான். தொடக்கத்தில் ஒரு கடைக்காரருக்கு, தன் வாசலில் இருந்த பள்ளத்தை மூடச் சொல்லி நான் சபைக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து 'இவ்வீதி எமக்குரியதன்று' என்று பதில் வந்தது. எழுதின காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வீதியின் பெயரைக் கேட்காமல் பேனாவை எடுப்பதில்லை.

அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு, காணி உறுதி, வதிவிடச் சான்று என்று வருகிறவர்களும் உண்டு. அவை கிராம சேவகர், பிரதேச செயலகப் பக்கம். திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் என்பது வேறு, மாநகர சபை வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அங்கேயும் இங்கேயும் அலைந்து களைத்துப்போய் என் கடை வாங்கில் குந்துகிறவர்கள் எத்தனையோ பேர்.

எல்லையையும் கவனியுங்கள். உப்புவெளியும் கன்னியாவும் திருகோணமலைதான், ஆனால் மாநகர எல்லைக்குள் இல்லை. அங்கே பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வரும். வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் கன்னியா வெந்நீர்க் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து, மேயருக்கு ஒரு முறைப்பாடு எழுத வேண்டும் என்று நின்றால், ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அப்படியென்றால் மேயரின் கையில் என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பெரிய திட்டமாகப் பெயர்ப்பலகையில் வருகிறவை அல்ல, அவ்வளவுதான். குப்பை, கான், தெரு விளக்கு, பொதுச் சந்தை, மீன் சந்தை, மயானம், பொது நூலகம், விளையாட்டுத் திடல், வாகனத் தரிப்பிடம், கட்டட அனுமதி, கடைகளுக்கான அனுமதிப்பத்திரம். இவற்றில் ஒன்று ஒரு நாள் நின்றால் ஊர் நாறும். ஒழுங்காக நடந்தால் ஒருவர் கண்ணிலும் படாது.

மாடு, மான் இரண்டுக்கும் யார் பொறுப்பு?

இந்தக் கேள்வி வேறு எந்த ஊரிலும் வராது.

கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டி, உரிமையாளரிடம் தண்டப்பணம் வாங்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. நடைமுறையில் அது லேசான வேலை இல்லை. இரவில் பிடித்து அடைத்தால், விடிவதற்குள் மாட்டுக்காரர் உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேயரின் வாசலில் நிற்பார். "கன்று கத்துது ஐயா, பால் கட்டிக்கொண்டு நிக்குது" என்பார். அதுவும் உண்மைதான். இன்னொரு பக்கம், இருட்டில் மாட்டில் மோதிக் காலை முறித்துக்கொண்ட ஓட்டோக்காரரின் மனைவியும் அதே வாசலில் நிற்பார்.

மான் வேறு கதை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்களுக்குச் சட்டப்படி பொறுப்பு வனஜீவராசிகள் திணைக்களம். அவை தின்னும் குப்பைக்குப் பொறுப்பு சபை. சோறு கட்டிய லஞ்ச் சீற்றை ஒரு மான் முன்காலால் மிதித்துப் பிடித்து நக்குவதை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். சோற்றோடு பொலித்தீனும் உள்ளே போகும். உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்து வையுங்கள் என்று சபை சொல்லும்போது முகம் சுளிக்கிறவர்கள் இதை ஒரு தரம் பார்க்கவேண்டும்.

மேயரை யார் தெரிவு செய்கிறார்கள்?

நீங்கள் நேரடியாக இல்லை. நீங்கள் வட்டாரத்துக்கு வாக்களிக்கிறீர்கள். மொத்த ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் இருந்தும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலில் இருந்தும் வரும் இந்தக் கலப்பு முறை 2018 பெப்ரவரி 10 தேர்தலில்தான் முதன்முதலாக வந்தது. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அது சொல்கிறவர் மேயர். கிடைக்காவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும். வாக்குச் சமமானால் திருவுளச்சீட்டு.

தனிப் பெரும்பான்மை இல்லாத மேயரின் கிழமையில் பாதி உறுப்பினர்களோடு பேசுவதிலேயே போகும். ஒருவருக்குத் தன் வட்டாரத்தில் நாலு விளக்கு, இன்னொருவருக்கு ஒழுங்கைக்குக் கொங்கிறீற். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாலு விளக்கும் யாரோ ஒருவரின் வீட்டுக்கு முன்னால்தானே எரியப்போகிறது?

ஆணையாளர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் யார்?

தீர்மானிப்பது சபையும் முதல்வரும். அதைச் செய்விப்பது ஆணையாளரும் அலுவலர்களும். மேயர் தேர்தலில் வருவார், போவார். ஆணையாளர் அரச அதிகாரி. 2023 மார்ச் 19 இல் நாட்டின் சபைகள் கலைந்து, தேர்தலும் தள்ளிப்போய், 2025 ஜூன் 2 இல் புதிய சபைகள் வரும்வரை தெரிவு செய்யப்பட்ட ஆட்களே இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. ஆனால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு ஆள் இல்லை. மேயர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சபைக் கூட்டத்தை நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். மாதம் ஒரு தடவையாவது பொதுக்கூட்டம் நடக்க வேண்டும், பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க உரிமை உண்டு. பேச உரிமை இல்லை. கூட்டம் உள்ள கிழமையில் மேயரிடம் வேறு எதற்கும் போகாமல் இருப்பது நல்லது. கூட்ட அறிக்கை, குழுக்களின் சிபாரிசு, உறுப்பினர்களின் பிரேரணை என்று மேசை நிறைந்திருக்கும்.

நவம்பர், டிசம்பரில் போனால் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) விவாதம் பார்க்கலாம். சாதாரண நாளில் சிரித்துப் பேசுகிறவர்கள்கூட அன்றைக்கு நேரே பார்க்கமாட்டார்கள். காரணம் இருக்கிறது: பாதீடு இரண்டாம் தடவையும் தோற்றால் மேயரின் கதிரையே போய்விடக்கூடும். யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் அதுதான் நடந்தது. ஆர்னோல்ட் போனார், மணிவண்ணன் வந்தார்.

சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

முதலில் சோலைவரி, அதாவது வீடு காணிக்குச் சபை விதிக்கும் வரி. ஜனவரி 31 இற்குள் வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்தில் அந்தக் காலாண்டுக்குக் கட்டினால் 5 வீதம். ஜனவரி கடைசிக் கிழமையில் சபை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் கழிவு என்றால் எப்படி ஓடி வருவார்கள் என்று தெரியும். அப்புறம் கடை வாடகை, அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது கிடைக்கும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணத்தில் ஒரு பங்கு. நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு அரசாங்கம் கை கொடுக்கும். சோலைவரியை வருடக்கணக்கில் கட்டாமல் வைத்திருந்துவிட்டு "வரி கட்டும் குடிமகன் என்ற முறையில்" என்று கடிதத்தைத் தொடங்கச் சொல்கிறவர்களுக்கு நான் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு எழுதுவேன்.

மேயருக்கு எவ்வளவு சம்பளம்?

சம்பளம் இல்லை, மாதக் கொடுப்பனவு. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போய் வரவே காணாது என்று சொல்வார்கள்.

மாரி காலத்தில் அவர் என்ன செய்வார்?

மாரி வந்தால் திங்கள் செவ்வாய் என்று ஒன்றும் இல்லை. ஒக்டோபரிலேயே கானைத் துப்புரவாக்கி, மட்டிக்களிப் பக்கம் தண்ணீர் ஓட வழி விட்டிருக்க வேண்டும். செய்யாவிட்டால் நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுக்கக் கொடுக்க வேண்டியதுதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியபோது ஊர் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தோம். அப்படிப்பட்ட இரவில் விழுந்த மரத்தை வெட்டவும் வழி திறக்கவும் சபைத் தொழிலாளர்தான் முதலில் இறங்க வேண்டும்.

மழை விட்டதும் நுளம்பு. டெங்குக்கு வீடு வீடாகப் போகிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஆனால் வெற்றுக் காணியில் தேங்கும் தண்ணீருக்கும் சிரட்டைக்கும் டயருக்கும் கடிதம் வருவது மேயருக்குத்தான்.

எந்த மொழியில் எழுத வேண்டும்?

தமிழில் எழுதினால் தமிழில் பதில் வரும், சிங்களத்தில் எழுதினால் சிங்களத்தில். இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். மேயர் யாராக இருந்தாலும் கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றின் நிர்வாகத்தோடும் ஒரே கிழமையில் பேச வேண்டிவரும். ஒலிபெருக்கி, பந்தல், வாகனத் தரிப்பு. சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் ஊர் முழுக்க வாசலில் நிறைகுடம் வைத்திருக்கும். அதற்கு முதல் நாளே வீதி கூட்டித் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். ஒரு பல்பு எரியாவிட்டால் சாமி வந்து போகும்வரை அதைப் பற்றித்தான் கதை.

சனி, ஞாயிறு ஓய்வுதானே?

யார் சொன்னது? பாடசாலை விளையாட்டுப் போட்டி, மக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதியாட்டம், பரிசளிப்பு, முன்பள்ளிக் கலைவிழா. எல்லாவற்றுக்கும் பிரதம விருந்தினர். பொன்னாடை, மாலை, வரவேற்புரை. நடுவில் ஒரு செத்த வீடு. அங்கேதான் உண்மையான முறைப்பாடுகள் வரும் என்று ஒரு முன்னாள் உறுப்பினர் சொன்னார். பிளாஸ்டிக் கதிரையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவான குரலில், "இந்த நேரத்தில சொல்லக்கூடாது, எண்டாலும்..." என்று தொடங்குவார்களாம்.

கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால்?

முதலில் பதிவு இலக்கத்தோடு போய்க் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், இலக்கத்தைக் கண்டால் யாரும் தேடாமல் இருக்க முடியாது. இரண்டாவது, உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். அப்படியும் நகராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'எனது இந்தத் திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பின் பிரதி தருக' என்று தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். இதுவரை நான் எழுதியவற்றில் இந்த இடம் வரை வந்தவை கொஞ்சம்தான்.

அந்த அம்மாவின் சிலாப் என்ன ஆனது?

கதையைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டதால் எல்லோரும் கேட்கிறார்கள். செவ்வாய் ஓரத்து வரி விழுந்தது: 'தொ.உ. பார்வையிட்டு மதிப்பீடு தரவும்'. தொ.உ. என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர், டீ.ஓ. என்று சொல்வோம். வியாழக்கிழமை அவர் அளவு நாடாவோடு வந்து, கதவைத் தூக்கி உள்ளே பார்த்து, குறித்துக்கொண்டு போனார். பிறகு மழை. மூன்றாம் கிழமை சனிக்கிழமை இரண்டு தொழிலாளர்கள் கம்பியும் பலகையும் கொண்டுவந்து அந்த இடத்திலேயே கொங்கிறீற் போட்டார்கள். அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, ஈரம் காயும்வரை ஒருவரும் மிதிக்கக்கூடாது என்று சுற்றிவரக் கயிறும் கட்டினார்.

அடுத்த திங்கள் நன்றிக் கடிதம் எழுத வந்தார். எழுதினோம். கையெழுத்துப் போடும்போது சொன்னார், "கயிறு கட்டி என்ன மகன், இரவு மான் வந்து அதில கையெழுத்துப் போட்டிட்டுப் போயிருக்கு". போய்ப் பார்த்தேன். சிலாப்பின் ஒரு மூலையில், பிளவுபட்ட குளம்பின் இரண்டு சுவடுகள், அரை அங்குல ஆழத்தில்.